இடுக்கணும் இளம் ஓட்டக்காரரும்

“தோல்வியே வெற்றிக்கு முதற்படி” என்னும் தொடர் இடம்பெறாத மாணாக்கர் கட்டுரை அரிது. ஆசிரியராகிய நாமும், பந்தயத்தில் பின்தங்கி அழுதுகொண்டு வரும் பிள்ளையிடம் அதனைச் சொல்லிவிட்டு அடுத்த பந்தயத்தைக் கவனிக்கப் போய்விடுகிறோம். தோல்வி தானே எவரையும் உயர்த்துவதில்லை. தோற்ற பிள்ளைகளுட் பலர் அத்துடன் திடலை விட்டே போய்விடுகின்றனர். அவர்களைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை.

வள்ளுவர் இதனை நன்கறிந்தவர். இடுக்கணழியாமையை 63ஆம் அதிகாரமாக வைத்த அவர், அதற்கு முன்னே ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என மூன்று அதிகாரங்களை நிறுத்தினார். முயற்சியைப் பழக்கமாக்கிக் கொண்டவனுக்கே இடுக்கணைத் தாங்கும் வகை சொல்லத்தக்கது என்பது அவ்வைப்பு முறையின் கருத்தெனக் கொள்ளலாம். டேவ் காலின்ஸ், ஆன்யா மக்னமாரா என்னும் விளையாட்டு உளவியலார் இருவர், திறமை முதிர இடையூறும் வேண்டும் என்று 2012இல் வாதிட்டு எழுதினர். பின்னர் நிகழ்ந்த ஆய்விலோ, வேறுபாட்டை உண்டாக்குவது இடையூறன்று, அதனை எதிர்கொள்ள ஒருவர் முன்பே பெற்றிருந்த மனத்திறனே என்று தெளிவாக்கினர். வள்ளுவர் வைப்பு முறைக்கு இஃது அயலானதன்று.

சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டா. சிங்கப்பூர்த் தேக்காவிலிருந்து ரேஸ் கோர்ஸ் சாலை வழியே சற்று நடந்தால் ஃபேரர் பார்க் வரும். 1933 வரை குதிரைப் பந்தயம் நடந்த அவ்விடம் பின்னர் ஓட்டக்காரர்களின் பயிற்சித் திடலாயிற்று. அக்காலத்து ஓட்டக்காரர்களுள் தலைசிறந்தவர் சி. குணாளன். அவர் முதலிற் காற்பந்தாட்டக்காரர். ஆசிரியப் பயிற்சி பெற்றவர். அவரை ஓட்டத்திற்குத் திருப்பியவர் பயிற்றுநர் டான் எங் யூன். 1966ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டில் 100 மீட்டர் ஓட்டத்தில் குணாளன் மலேசியாவின் மணி ஜெகதீசனிடம் நூலிழையில் தங்கத்தை இழந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து மெக்சிகோ ஒலிம்பிக்கில் அவர் ஓடிய 10.38 விநாடி, 2001இல் யூ.கே. ஷியாம் 10.37 விநாடியில் ஓடும் வரை 33 ஆண்டுகள் சிங்கப்பூரின் சாதனையாக நின்றது. மெக்சிகோ நகரம் கடல்மட்டத்திற்கு மேல் 2,200 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருப்பதால் காற்றின் தடை குறைவு என்பாருமுளர். உண்மையே, ஆயினும் அங்கே சென்று ஓடும் தகுதியை அவ்வுயரம் கொடுத்துவிடவில்லை.

குணாளன் கதையைவிட ஆசிரியர்க்கு மிகுதியும் பயன்படுவது சாந்தி பெரேராவின் கதை என்பேன். 2015இல் சிங்கப்பூரில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டில், 18 வயதில், 200 மீட்டரை 23.60 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். 1973இல் குளோரி பர்னபாஸ் வென்றதற்குப் பின் சிங்கப்பூர்ப் பெண்ணொருவர் அவ்வோட்டத்திற் பெற்ற முதல் தங்கம் அது. அதன்பின் என்ன நேர்ந்தது? 2017இலும் 2019இலும் தங்கம் கிட்டவில்லை, காயங்கள் வந்தன, விளையாட்டு உதவித்தொகையும் இடையில் நின்றது. 2022இல் ஹனோயில் 23.52 விநாடியில் ஓடி மீண்டும் தங்கம் வென்றார். ஏழு ஆண்டுகளில் குறைந்தது ஒரு விநாடியில் நூற்றில் எட்டுப் பங்கு! பதக்கப் பட்டியலை மட்டும் பார்த்திருப்பவர் 2019இலேயே அப்பெயரை அடித்திருப்பார். மறு ஆண்டு புடாபெஸ்டில் அவர் ஓடியது 22.57 விநாடி. அதே 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 200 மீட்டர் தங்கம்; 1974இல் சீ சுவீ லீ பெற்றதற்குப் பின், 49 ஆண்டுகள் கழித்து, திடல்தட விளையாட்டில் சிங்கப்பூருக்கு வந்த தங்கம். போர்ச்சுகீசியப் பயிற்றுநர் லூயிஸ் குன்யா அப்போது உடனிருந்தார். அவ்வேழு ஆண்டும் வீணென்று எழுதிவிடாத சிலர் அவரைச் சுற்றி இருந்தனர் என்பதே நாம் கருதத்தக்கது.

நம் பள்ளிகளிலோ முதல் இடையூறு பெரும்பாலும் உடல் வளர்ச்சியிலிருந்தே வருகிறது. ஆறாம் ஆண்டில் எல்லோரையும் முந்தும் உயரமான பையன், பல வேளைகளில், பிறரினும் ஓராண்டு முன்பே வளர்ந்தவன், அவ்வளவே. பதினைந்து வயதில் மற்றவர் எட்டிப் பிடிக்கும்போது தன் திறமை போய்விட்டதென்று அவன் நினைக்கிறான். பெண் பிள்ளைகட்கு உடல் மாறும் பருவத்தில் ஓட்ட நேரம் ஓரிரு ஆண்டுகள் தேங்குவதுண்டு. இதனை முன்கூட்டிச் சொல்லிவைத்தல் ஆசிரியர் கடன். சோம்பல் என்று பழித்தல் கொடுமை. தசை கிழிந்த பிள்ளைக்கு மனவுறுதி பற்றிப் பேசுவதும் அத்தகையதே. அதற்கு வேண்டுவது மருத்துவர்.

எம் தோட்டப் பள்ளியில் ஓடும் பிள்ளைக்கு ஒரு சிறு குறிப்பேடு கொடுக்கிறோம். முதலிடம், இரண்டாமிடம் என்று அதில் எழுதுவதில்லை. நேரம், புறப்பாடு, வளைவில் கால் வைத்த முறை ஆகியவை மட்டுமே. பந்தயத்தன்று அதனைத் திறப்பதில்லை. அன்று பிள்ளை அழட்டும். மறுநாள் காலை முதலிற் பேச வேண்டியது பிள்ளை. ஆசிரியர் வினாக்கள் பின்னரே. “ஏன் தோற்றாய்?” என்பது அவ்வினாக்களுள் இல்லை, “எந்த இடத்தில் அவள் உன்னைத் தாண்டினாள்?” என்பது உண்டு. பெரும்பாலான பிள்ளைகள் அதற்குச் சரியாக விடை சொல்லிவிடுகின்றனர். காயமுற்ற பிள்ளையையும் வீட்டிற்கு அனுப்புவதில்லை. நிறுத்துகடிகாரத்துடன் முடிவுக் கோட்டருகே நின்று மற்றவர் நேரத்தைக் குறிக்கும் பொறுப்பு, குணமாகும் வரை, அப்பிள்ளைக்கே உரியது.