கொடிக்கயிறும் தேர்வடமும்

தேசிய விழா ஒரு தேதியைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்குகிறது. இந்தத் தேர்வு அப்பாவித்தனமானதல்ல. மெக்சிகோ ஸ்பெயினிடமிருந்து விடுபட்டது 1821 செப்டம்பரில். கொண்டாடுவதோ 1810 செப்டம்பர் 16ஐ. டோலோரஸ் என்ற ஊரின் பாதிரியார் மிகேல் இதால்கோ, தேவாலய மணியடித்து ஜனங்களைக் கலகத்துக்குக் கூப்பிட்ட விடியலை. முடித்ததை அல்ல, ஆரம்பித்ததை.

நம் ஜனவரி 26ம் இந்த ரகம்தான். 1930இல் அதே நாளில் காங்கிரஸ்காரர்கள் ஊர் ஊராகப் பூரண சுயராஜ்ய உறுதிமொழி எடுத்தார்கள். அரசியல் சட்டம் 1949 நவம்பர் 26லேயே ஏற்கப்பட்டுவிட்டது. அதன் பெரும்பகுதி இரண்டு மாதம் காத்துக் கிடந்தது இந்தத் தேதிக்காகத்தான். 1950இல் அது அமலான அன்று சென்னை மாகாண ஆட்சியின் தலைவர் ராஜபாளையத்துக்காரர், பி.எஸ். குமாரசாமி ராஜா. முந்தின நாள்வரை ‘பிரதமர்’, அன்று முதல் ‘முதலமைச்சர்’. எங்க பக்கத்துல இதைச் சொன்னால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். தீண்டாமையை ஒழிக்கும் 17ஆவது பிரிவும் அன்றுதான் அமலுக்கு வந்தது. நான் கேட்ட குடியரசு தின உரை எதிலும் அது வந்ததில்லை.

சடங்குக்கு வருவோம். மெக்சிகோவில் செப்டம்பர் 15 இரவு அதிபர் அந்தப் பழைய மணியை அடித்து முழங்க, சதுக்கத்துக் கூட்டம் ‘விவா’ என்று திருப்பிக் கத்துகிறது. இங்கே பூ வைத்து மடித்துக் கட்டிய கொடி. ஒருத்தர் கயிற்றை இழுக்கிறார், பூ கொட்டுது, மத்தவங்க விறைப்பா நின்னு சல்யூட் அடிக்கணும், அப்புறம் மிட்டாய். பத்துப் பதினோரு கிலோமீட்டர் தள்ளி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத்தன்று, ஆண்டாள் தேரின் வடத்தை ஆயிரக்கணக்கான கைகள் இழுக்கின்றன.

உடனே ‘அரசு விழா - மக்கள் விழா’ என்று ஓர் எதிர்வைக் கட்டிவிட வேண்டாம். வடமும் எல்லாக் கைக்கும் எட்டியதில்லை. சிவகங்கை மாவட்டக் கண்டதேவியில் 1998இல் தலித்துகள் வடம் பிடிக்கும் உரிமை கேட்டதும் தேரே நின்றுபோனது. யார் தொடலாம் என்பதுதான் இரண்டு கயிற்றிலும் கேள்வி.

2020 ஆகஸ்ட் 15 அன்று, திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவரான தலித் பெண்ணைக் கொடியேற்ற விடவில்லை. சில நாள் கழித்து மாவட்ட ஆட்சியர் வந்து பக்கத்தில் நின்ற பிறகே ஏற்றினார். 17ஆவது பிரிவு அமலாகி எழுபது வருஷம். 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் எல்லா ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுத வேண்டி வந்தது: சாதிப் பாகுபாடு இல்லாமல் ஊராட்சித் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதி செய்யுங்கள் என்று.