கப்புச்சினோவின் வமிசாவளி

உலகத்தின் பெரிய நகரங்கள் எல்லாவற்றிலும் இன்று கிடைப்பதும், சிறு கோப்பையின் நடுவே வெண்ணுரையும் விளிம்பிலே பழுப்பு வளையமுமாக நம் முன் வந்து நிற்பதுமான கப்புச்சினோ என்னும் பானத்தை, இன்ன வருஷத்தில் இன்னார் கண்டுபிடித்தார் என்று சொல்லிவிட இயலாது. துறவி ஒருவரை அதன் மூலபுருஷராக்கும் கதை ஒன்று வழங்குகிறது. 1683ஆம் ஆண்டில் வியன்னாவை முற்றுகையிட்டுத் தோற்ற துருக்கியர் விட்டுச்சென்ற காப்பிக்கொட்டை மூட்டைகளைக் கண்டு, அந்தக் காப்பியின் கசப்பைத் தணிக்கப் பாலும் தேனும் சேர்த்தவர் மார்க்கோ த அவியானோ என்னும் கப்புச்சின் சபைத் துறவி என்பது அந்தக் கதை. அவர் மெய்யாகவே வாழ்ந்தவர். அந்த யுத்தத்தில் கிறிஸ்தவப் படைகளுக்கு உற்சாகமூட்டியவர். 2003இல் போப்பாண்டவரால் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டவர். ஆனால் அவரையும் காப்பியையும் சம்பந்தப்படுத்தும் சரித்திர ஆதாரம் எதுவுமில்லை.

பெயர் வந்த வழி வேறு. வியன்னாவின் காப்பிக்கடைகளில், கறுங்காப்பியில் சிறிதளவு க்ரீம் சேர்த்து, அந்தச் சபைத் துறவிகள் அணியும் அங்கியின் பழுப்பு நிறம் வரக் கலந்து கொடுத்த பானத்தைக் கப்புசினர் என்றார்கள். அதனினும் நிறம் வெளுத்ததற்கு மற்றொரு சபையாரின் பெயரால் பிரான்சிஸ்கானர் என்று பெயர். முதல் உலக யுத்தம் முடியும்வரை ஆஸ்திரிய சாம்ராஜ்யத்தின் பிரதான துறைமுகமாக இருந்த திரியெஸ்தே வழியாகவும், 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரை அதே சாம்ராஜ்யத்தின் ஆளுகையில் இருந்த மிலான், வெனிஸ் முதலிய நகரங்களின் வழியாகவும் வியன்னாவின் காப்பி வழக்கங்கள் இத்தாலியருக்குப் பரிச்சயமாயின. திரியெஸ்தேயில் இன்றும் ‘காப்போ’ என்று கேட்டால், மிகச் சிறிய கோப்பையில் எஸ்பிரெஸ்ஸோ என்னும், யந்திர அழுத்தத்தால் வடித்த கடுங்காப்பியும் அதன்மேல் சிறிது பால்நுரையும் வரும். அதையே கண்ணாடிக் குவளையில் விரும்புவோர் ‘காப்போ இன் பி’ என்பார்கள்.

எனினும் வியன்னாவின் பழைய கப்புசினரில் எஸ்பிரெஸ்ஸோ கிடையாது, நுரையும் கிடையாது. இன்று நாம் அறியும் ரூபத்தை இந்தப் பானத்திற்கு அளித்தது யந்திரமே என்பது என் துணிபு. நீராவியின் விசையால் காப்பி வடிக்கும் யந்திரம் ஒன்றுக்கு தூரின் நகரத்து ஆஞ்செலோ மொரியோந்தோ 1884இலேயே காப்புரிமை பெற்றார் என்றாலும், அது ஒரே தடவையில் பலருக்கும் மொத்தமாக வடிப்பது. கேட்பவருக்குக் கேட்டபொழுது ஒவ்வொரு கோப்பையாக வடித்துக் கொடுக்கும் யந்திரத்தை மிலான் நகரத்து லூயிஜி பெட்ஸேரா 1901இல் அமைத்தார். அதன் காப்புரிமையை விலைக்கு வாங்கிய தெசிதேரியோ பவோனி அதனைத் தொழிலாக வளர்த்தார். 1906ஆம் ஆண்டு மிலான் சர்வதேசக் கண்காட்சியில் அது ஜனங்களின் பார்வைக்கு வந்தது. ஆனால் அந்த யந்திரங்களின் அழுத்தம் மிகக் குறைவு. நீராவியின் கடுஞ்சூடு பட்டுக் காப்பி கருகிக் கசந்தது.

இந்தக் குறையைத் தீர்த்த பெருமை ஆக்கிலே காஜ்ஜியாவுக்கு உரியது. மிலானில் காப்பிக்கடை நடத்தியவரான அவர், 1938இல் முதல் காப்புரிமை பெற்று, யுத்தம் முடிந்தபின் 1948இல் விற்பனைக்குக் கொணர்ந்த யந்திரத்தில், கைப்பிடியை இழுத்து விட்டால் வில்லின் விசையால் பிஸ்டன் இறங்கி, வெந்நீரைக் காப்பிப்பொடியின் ஊடே வலிமையாகச் செலுத்தும். அந்த அழுத்தத்தில்தான் காப்பியின் மேல் பொன்னிறமான நுரைப்படலம் முதன்முதலாகத் தோன்றியது. முன்பு கண்டிராத அதனைக் காஜ்ஜியா ‘காப்பியின் க்ரீம்’ என்று விளம்பரம் செய்தார். 1961இல் ஃபயேமா நிறுவனம் கைவிசைக்குப் பதிலாக மின்சாரப் பம்பு பொருத்திய யந்திரத்தை வெளியிட்டு, அவ்வருஷம் நேர்ந்த சூரிய கிரகணத்தின் நினைவாக அதற்கு ஈ61 என்று பெயரிட்டது. ஒன்பது பார் அழுத்தம், ஏழு கிராம் பொடி, இருபத்தைந்து வினாடி என்னும் கணக்கு நிலைபெற்றது இந்த யந்திரங்களால்தான்.

காப்பிக்குச் செய்த உபகாரத்தை யந்திரம் பாலுக்கும் செய்தது. அடுப்பில் காய்ச்சும் பாலில் வராத பட்டுப்போன்ற நுரை, கொதிகலனின் நீராவியைக் குழாய் வழியே பாலுக்குள் விடும்போது வருகிறது. கைதேர்ந்தவர் செய்வதைக் கவனித்துப் பார்க்க வேண்டும். குளிர்ந்த பாலைச் சிறு எஃகுக் கூஜாவில் பாதியளவு ஊற்றி, குழாயின் முனையைப் பாலின் மேற்பரப்பை ஒட்டிப் பிடித்து, காகிதம் கிழிவது போன்ற மெல்லிய ஓசையுடன் சில வினாடி காற்றை உள்ளே புகவிடுகிறார். பிறகு முனையைச் சற்றே ஆழ்த்தவும், பால் சுழலத் தொடங்கி, பெரிய குமிழிகள் எல்லாம் சிதறி நுண்ணியவாகின்றன. இடது உள்ளங்கை கூஜாவின் அடியைத் தாங்கியே இருக்கிறது. சூடு கைக்குப் பொறுக்காத கணத்தில் நீராவியை நிறுத்திவிடுகிறார். மேடைமேல் ஒரு தட்டு, இரண்டு சுழற்று. பாலும் நுரையும் ஒன்றாகி, ஈரவண்ணம் பூசியது போலப் பளபளக்கையில் காப்பியின்மேல் ஊற்றுகிறார்.

கையின் அந்தக் கணிப்பில் ஒரு ரசாயன நியாயம் அடங்கியிருக்கிறது. பாலிலுள்ள புரதங்கள் காற்றுக்குமிழிகளைச் சூழ்ந்து உடையாமல் காக்கின்றன. கொழுப்பு நாவுக்கு வழுவழுப்பைத் தருகிறது. மிதமான சூட்டில் பாலின் இயற்கை இனிப்பு நன்றாகத் தெரிகிறது. எழுபது டிகிரியைத் தாண்டினாலோ புரதம் சிதைந்து, நுரை தளர்ந்து, காய்ந்த பாலின் வாடை மேலோங்கிவிடும். இத்தாலியின் தேசிய எஸ்பிரெஸ்ஸோ நிறுவனம் வகுத்துள்ள பிரமாணம் வருமாறு: 25 மில்லிலிட்டர் எஸ்பிரெஸ்ஸோ, 55 டிகிரி வரை சூடேற்றி 125 மில்லிலிட்டராக நுரைக்கச் செய்த 100 மில்லிலிட்டர் பால்.

பிற பால்காப்பிகள் யாவும் இந்த விகிதத்தைக் கூட்டியும் குறைத்தும் பிறந்தவையே. பால் ஒரு துளியளவாயின் மக்கியாத்தோ. ஏறக்குறையச் சரிபாதியாயின் ஸ்பெயினின் கொர்த்தாதோ. பால் மிகுந்து நுரை மெலிந்தால் லாத்தே. இத்தாலியில் வீட்டுக் காலையுணவாக இருந்த இந்தக் கடைசி வகையை, 1983இல் இத்தாலிக்குச் சென்று அங்குள்ள காப்பிக்கடைகளில் மனம் பறிகொடுத்துத் திரும்பிய ஹவர்ட் ஷூல்ட்ஸ், தாம் பணிபுரிந்த ஸ்டார்பக்ஸ் மூலம் அமெரிக்காவில் பிரபலப்படுத்தினார். நுரை மிக மெல்லியதாகப் படியும் பிளாட் ஒயிட் 1980களில் தோன்றியது. அதன் பிறப்பிடம் பற்றி ஆஸ்திரேலியருக்கும் நியூசிலாந்துக்காரருக்கும் உள்ள வழக்கு இன்னும் தீரவில்லை. கிரேக்கர்களோ குளிர்ந்த எஸ்பிரெஸ்ஸோவின்மேல் குளிர்ந்த பால்நுரையை இட்டுக் கோடைக்கேற்ற கப்புச்சினோவை உண்டாக்கிக்கொண்டார்கள்.

இந்த வகைகளில் எதையும் நான் பழிக்கமாட்டேன். ஆனால் அரை லிட்டர்க் குவளையில் பாலை நிரப்பி, பாகும் க்ரீமும் பெய்து, காப்பியின் குணமே தெரியாதபடி செய்துவிட்டுக் கப்புச்சினோ என்று விற்பது நியாயமன்று. இத்தாலியர் கப்புச்சினோவைக் காலை வேளையில் மட்டும், மேடையருகே நின்றபடி, ஒரு கொர்னெத்தோ ரொட்டியுடன் பருகுவார்கள். உணவுக்குப்பின் பால் பாரம் என்பது அவர்கள் கொள்கை. அவர்கள் எஸ்பிரெஸ்ஸோவுக்கு அரைக்கும் கலவைகளில் இந்திய மலைகளில் விளைந்த ரொபஸ்டா கொட்டைகளும் உண்டு. நம் நாட்டுக் காப்பியை மிகுதியாக வாங்கும் தேசம் இத்தாலியே. அடுத்த முறை கப்புச்சினோ கேட்கும்போது சிறிய கோப்பையிலேயே கேளுங்கள்; அதிகம் கொதிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்; சர்க்கரை இடுவதற்கு முன்னால் ஒரு வாயேனும் பருகிப் பாருங்கள்.