நல்ல விமர்சனம் நல்ல படத்தைத் தரும்

பேராக் மாநிலத்தில், தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குச் செல்லும் சாலையோரத்தில் லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சி உள்ளது. இத்தகைய நீர்வீழ்ச்சியை நண்பகல் வெயிலில் படமெடுத்தால், நீர் வெறும் வெண்திட்டாகவே தெரியும். அப்படத்தைப் பார்த்து, ‘அழகு’ என்றாலும் ‘மோசம்’ என்றாலும் எடுத்தவருக்குப் பயனில்லை. முன்னது குறையை மறைக்கும். பின்னது ஆர்வத்தைக் கெடுக்கும்.

ஆக்கப்பூர்வமான விமர்சனமோ முதலில் நிறைவைக் கூறும்; பின்னர்க் குறையையும் அதன் காரணத்தையும் தீர்வையும் விளக்கும். “பாறைகள் தெளிவாக உள்ளன. கடும் வெயிலால் நீரின் இழைகள் மறைந்துவிட்டன. மேகமூட்டமான காலையில், படக்கருவியை முக்காலியில் பொருத்தி, அரை வினாடி ஒளி விழும்படி எடுத்தால் நீர் பட்டுபோல் தோன்றும்” என்பது அதற்கு எடுத்துக்காட்டு. எடுத்தவரைப் பழிக்காமல் படத்தை மட்டும் மதிப்பிடும் இத்தகைய சொற்கள், அவரை மீண்டும் அருவிக்கு அழைத்துச் செல்லும்.