கரையும் காணியும் – 9: புதைகுழி அருகே பாடிய பாட்டு

அமெரிக்காவின் ஹில்டன் ஹெட் தீவுக்கு 1956இல் பாலம் வந்ததையும், ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்த கல்லா கீச்சி மக்களின் பாகம் பிரிக்காத பூர்வீக நிலங்கள் ஏலத்துக்குப் போனதையும் பார்த்துவிட்டோம். பக்கத்திலுள்ள செயின்ட் ஹெலினா தீவு எப்படித் தப்பியது என்று இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். அதற்கு முன் ஹாரிஸ் நெக் கதையைச் சொல்லியே ஆகவேண்டும். படித்ததிலிருந்து மனம் அங்கேயே நிற்கிறது.

ஜார்ஜியா மாநிலக் கடலோர ஊர் அது. அடிமைகளாய் இருந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சொந்த நிலத்தில் பயிர் வைத்து, நண்டும் சிப்பியும் பிடித்து வாழ்ந்தார்கள். 1930களில் லாரன்சோ டர்னர் என்ற மொழியியல் அறிஞர், அங்கே அமீலியா டாலி பாடிய ஐந்து வரிப் பாட்டு ஒன்றைப் பதிவு செய்தார். அமீலியாவுக்கு அதன் பொருள் தெரியாது. அம்மா பாடக் கேட்டுப் படித்தது. சியரா லியோனிலிருந்து படிக்க வந்திருந்த ஒரு மாணவர்தான் அது மெண்டே மொழி என்று கண்டுகொண்டார்.

பல பத்தாண்டுகள் கழித்து ஜோசப் ஓபாலா, சிந்தியா ஷ்மிட், டாசியெஃப் கொரோமா ஆகிய ஆய்வாளர்கள் அந்தப் பாட்டின் ஊரைத் தேடி சியரா லியோனில் அலைந்தார்கள். செனெஹுன் ங்கோலா என்ற கிராமத்தில் அந்தப் பாட்டைக் கேட்டதும் ஒரு பெண்மணி கூடவே சேர்ந்து பாடினார்! இறந்தவருக்குச் சோறு படைத்து வழியனுப்பும் சடங்கில், புதைகுழி அருகே பெண்கள் பாடுவது அது. 1997இல் அமீலியாவின் மகள் மேரி மோரன் கடல் கடந்து அந்தக் கிராமத்துக்கே போனார். சொந்தக்காரியை வரவேற்பதுபோல் ஊரே கூடி வரவேற்றது.

ஆனால் அந்தப் பாட்டு பதிவான ஹாரிஸ் நெக்? 1942இல் ராணுவ விமான தளத்துக்கென்று ஏறக்குறைய 2,700 ஏக்கரை அமெரிக்க அரசு எடுத்துக்கொண்டது. போர் முடிந்ததும் திருப்பித் தருவதாக வாக்குக் கொடுத்தார்கள் என்று அந்தக் குடும்பங்கள் இன்றும் சொல்கின்றன. போர் முடிந்தது, நிலம் மாவட்ட நிர்வாகத்தின் கைக்குப் போனது, 1962இல் வனவிலங்குச் சரணாலயமானது. 1979இல் வாரிசுகள் கூடாரம் அடித்து உட்கார்ந்தார்கள். கைதுதான் மிச்சம். முன்னோரின் இடுகாடு சரணாலயத்துக்குள் இருக்கிறது.

கடல் தாண்டி வந்த பாட்டைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றியவர்கள் இவர்கள். காலடி மண்ணைக் காப்பாற்ற அந்த நினைவு போதவில்லை. நிலத்துக்கு உள்ளூர்ச் சட்டத்தின் துணை வேண்டும் என்று நான் இத்தனை வாரமாகச் சொல்லிவருவது இதனால்தான்.

செயின்ட் ஹெலினாவில் அந்தத் துணை இருந்தது. கோல்ஃப் மைதானம், சொகுசு விடுதி, கேட் போட்ட குடியிருப்பு மூன்றையும் 1999இல் போட்ட விதி தடுத்துவைத்திருக்கிறது. 2023இல் அங்கே கோல்ஃப் மைதானம் கட்ட வந்தவருக்கு விதியைத் தளர்த்த மாவட்ட கவுன்சில் மறுத்துவிட்டது. அந்த விவரம் முழுவதும் அடுத்த வாரம்.

(தொடரும்)