உரைக்கோப்பில் எழுதுதலும் வாசித்தலும்: ஒரு மழைப் பதிவேட்டின் துணையுடன்

மாணவர்களே, உங்கள் பாடசாலை வளவில் மழைமானி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். தினமும் காலை 8.30 மணிக்கு, முந்திய 24 மணித்தியாலத்திற் பெய்த மழையை மில்லிமீற்றரில் அளந்து கணினியிற் பதிகின்றீர்கள். மட்டக்களப்பிலே இது விளையாட்டு வேலையன்று. மாரி காலத்தில் வாவி நிரம்பி, படுவான்கரை வயல்கள் மூழ்கும்போது முகத்துவாரத்தை வெட்டி நீரைக் கடலுக்கு விடவேண்டிய நிலை ஏற்படுவதுண்டு. 2011 ஜனவரி வெள்ளத்தைப் பற்றி வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நேற்றுப் பெய்த மழையை இன்று மீண்டும் அளக்க முடியாது; பதிவு அழிந்தால் அழிந்ததுதான்.

செய்நிரலில் நாம் பயன்படுத்தும் மாறிகள் யாவும் பிரதான நினைவகத்தில் இருப்பவை. செய்நிரல் முடிந்ததும் அவற்றின் பெறுமானங்களும் போய்விடும். நாளைக்கும் தேவைப்படும் தரவை வன்தட்டில் ஒரு கோப்பாகச் சேமித்தல் வேண்டும். எழுத்துகளையும் இலக்கங்களையும் வரிவரியாகக் கொண்ட கோப்பு உரைக்கோப்பு எனப்படும். அதனை நோட்பாட் போன்ற எந்த உரைத்தொகுப்பியிலும் திறந்து பார்க்கலாம்.

நிக்கலஸ் விர்த் என்னும் சுவிற்சர்லாந்து அறிஞர் 1970 இல் வெளியிட்ட பஸ்கால் மொழி, கற்பித்தலை மனதிற் கொண்டே ஆக்கப்பட்டது. இதிற் கோப்பைக் கையாளும் ஒழுங்கு எளிதானது. முதலில் டெக்ஸ்ட் வகையில் ஒரு கோப்பு மாறியைப் பிரகடனம் செய்க. அசைன் கூற்றினால் அம்மாறியை வன்தட்டிலுள்ள கோப்பின் பெயருடன் இணைக்குக. பின்னர் கோப்பைத் திறந்து, வேலையைச் செய்து, குளோஸ் கூற்றினால் மூடுக.

பெரும்பாலான மாணவர் தவறுவது திறக்கும் இடத்திலேயே. ரீசெட் கூற்று, ஏற்கெனவே உள்ள கோப்பை வாசிப்பதற்காகத் திறக்கும். ரீரைட் கூற்று, எழுதுவதற்காகப் புதிய கோப்பை உருவாக்கும். அதே பெயரிற் கோப்பு ஏற்கெனவே இருப்பின் அதிலுள்ள யாவும் அழிந்துவிடும். எச்சரிக்கைச் செய்தி எதுவும் தோன்றாது. அப்பென்ட் கூற்றோ பழைய வரிகளை அப்படியே விட்டு, இறுதியில் தொடர்ந்து எழுத வழிசெய்யும். இது விர்த்தின் மூல மொழியில் இருக்கவில்லை. டேர்போ பஸ்கால் போன்ற தொகுப்பான்களிற் பின்னர் சேர்க்கப்பட்டது.

மூன்று நாட்களின் மழை 42, 0, 67 எனக் கோப்பில் மூன்று வரிகளாக உள்ளது என்க. நான்காம் நாள் 15 மில்லிமீற்றர். அப்பென்ட் செய்து எழுதினால் நான்கு வரிகள் இருக்கும். ரீரைட் செய்து எழுதினால் எஞ்சுவது 15 என்னும் ஒரே வரி. அப்படியாயின் எப்போதும் அப்பென்ட் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். கோப்பு இல்லாதபோது அப்பென்ட் செய்தால் செய்நிரல் வழுவுடன் நின்றுவிடும். ஆகவே முதல் நாள் மட்டும் ரீரைட், அதன்பின் அப்பென்ட்.

எழுதும்போது ரைட்எல்என் கூற்றின் அடைப்புக்குறிக்குள் முதலிற் கோப்பு மாறியும் அடுத்து மழை மாறியும் வரவேண்டும். கோப்பு மாறியை மறந்தால் பெறுமானம் திரையில் மட்டும் தோன்றும், கோப்பிற் சேராது. திரையில் இலக்கத்தைக் கண்டு, பதிவாகிவிட்டது என்று எழுந்து போனவர்கள் பலர்.

குளோஸ் ஏன் அவசியம்? 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை கொக்கட்டிச்சோலைக்குப் போவோர் அவ்விடத்திற் பாதையிலேயே வாவியைக் கடந்தனர். ஓராள் வந்தவுடன் பாதை புறப்படாது. ஆட்களும் சைக்கிள்களும் சேரவேண்டும். கணினியும் அவ்வாறே ஒவ்வொரு வரியையும் உடனடியாக வன்தட்டுக்கு அனுப்புவதில்லை. நினைவகத்திற் சிறிது சேர்த்து வைத்தே அனுப்புகின்றது. குளோஸ் கூற்று, சேர்ந்திருக்கும் மிச்சத்தையும் அனுப்பிவிடும். அதனை விட்டுவிட்டால் கடைசி வரிகள் கோப்பிற் சேராமற் போகலாம்.

இனி வாசித்தல். கோப்பில் எத்தனை வரிகள் உள்ளன என்பது முன்கூட்டித் தெரியாது. ஆகையால் கோப்பின் முடிவைக் காட்டும் ஈஓஎஃப் சார்பைப் பயன்படுத்தி, முடிவு வராத வரைக்கும் ஒவ்வொரு வரியாக ரீட்எல்என் கூற்றினால் வாசித்து, மொத்தத்துடன் மழையையும் நாட்களுடன் ஒன்றையும் கூட்டுக. இதற்கு வைல் மீள்செயலே பொருத்தமானது, ரிப்பீட் அன்று. ரிப்பீட் மீள்செயல் நிபந்தனையைச் சோதிக்குமுன் ஒருமுறை இயங்கிவிடும் என்பதால், வெறுமையான கோப்பிலும் ஒரு நாள் இருப்பதாக எண்ணிவிடும். மேலே தந்த முதல் மூன்று வரிகளுக்கும் மொத்தம் 109, நாட்கள் 3, சராசரி 36.33 ஆகும். வகுக்குமுன் நாட்களின் எண்ணிக்கை பூச்சியமா எனச் சோதிக்கத் தவறாதீர்கள்.

உயர்தரத்திற் பைதன் கற்கும்போதும் இதே மூன்று வாயில்களைச் சந்திப்பீர்கள்: வாசிக்க ஆர், புதிதாக எழுத டபிள்யூ, தொடர்ந்து எழுத ஏ. அங்கும் டபிள்யூ பழையதை அழிக்கும்.

பயிற்சி: 12, 30, 8 எனும் மூன்று வரிகளுள்ள கோப்பை ஒரு செய்நிரல் அப்பென்ட் மூலம் திறந்து 25 ஐ எழுதி மூடுகின்றது. பின்னர் ரீரைட் மூலம் திறந்து எதனையும் எழுதாது மூடுகின்றது. இறுதியாக ரீசெட் செய்து வைல் மீள்செயலால் வரிகளை எண்ணுகின்றது. திரையில் தோன்றும் எண் யாது? காரணம் தருக.