ஒளியை உணரும் பொருள்களும் அவற்றின் பயன்களும்

பயிருக்கு வெயில் உணவு என்பதை அறியாத கமக்காரர் இல்லை. இலையிலுள்ள பச்சையம் ஞாயிற்றொளியைப் பற்றி மாப்பொருளை ஆக்குகின்றது. ஆயினும் ஒளி பயிருக்கு உணவாக மட்டுமன்றி ஆணையாகவும் அமைகின்றது. விதை எப்பொழுது முளைக்க வேண்டும், நெல் எப்பொழுது கதிர்விட வேண்டும் என்பவற்றை ஒளியும் அறிவிக்கின்றது. ஒளி பட்டவுடன் தம் அமைப்பை மாற்றிக்கொள்ளும் சில மூலக்கூறுகளே அவ்வறிவிப்பை ஏற்கின்றன. இத்தகைய பொருள்கள் வைத்தியசாலையிலும் தொழிற்சாலையிலும் பயன்படுகின்றன. அவற்றின் இயல்பை அறிந்தால் களையால் வரும் நட்டத்தையும் பொலித்தீன் செலவையும் குறைக்கலாம்.

விதையிலுள்ள ஆளி

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்துப் பெல்ற்ஸ்வில் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள், ஒருவகைச் சலாது விதையிற் செய்த பரிசோதனையை 1952ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நனைத்து இருளில் வைத்த விதைகளுக்குச் சிவப்பொளியைச் சிறிது நேரம் காட்டியபோது அவை முளைத்தன. அதன்பின் சிவப்பின் எல்லையிலுள்ள, கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் தொலைச்சிவப்பொளியைக் காட்டியபோது முளையாது நின்றன. இரண்டையும் மாறி மாறிப் பலமுறை காட்டினாலும், இறுதியாகக் காட்டிய ஒளியே விளைவை முடிவுசெய்தது. மின்விளக்கின் ஆளியைப் பலமுறை அழுத்தினாலும் கடைசி அழுத்தமே விளக்கின் நிலையைத் தீர்மானிப்பது போன்றது இது. இவ்வாளியாகிய நிறப்பொருளுக்கு 1960இல் பைற்றோகுரோம் என்ற பெயர் இடப்பட்டது.

களைகள் பலவற்றின் சிறு விதைகளிலும் இதே ஆளி உண்டு. அடர்ந்த பயிரின் இலைகள் சிவப்பொளியை உறிஞ்சிவிட்டுத் தொலைச்சிவப்பொளியையே கீழே விடுவதால், நிழலிற் கிடக்கும் விதைகள் உறங்குகின்றன. மண்ணிற் புதைந்தவையும் உறங்குகின்றன. உழும்போது மண் புரண்டு கணநேரம் வெயில் பட்டாற் போதும்; அவற்றுட் பல விழித்தெழுகின்றன. உழுத சில நாட்களில் களை பச்சைப் பாய் விரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். களை முளைப்பதைத் தடுக்க இரவில் உழுது பார்த்தவர்களும் உளர்; ஆயின் அதன் விளைவு எங்கும் ஒரே சீராக அமையவில்லை.

நெல்லும் இந்நிறப்பொருளின் துணையால் இரவின் நீளத்தை அறிகின்றது. இலங்கையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய ஒரு மணித்தியாலமே. அச்சிறு வேறுபாட்டையும் உணர்ந்தே பழைய நீண்டகால நெல்லினங்கள் கதிர்விட்டன. அவற்றைப் பருவம் தவறி விதைத்தால் வயது நீளும். பத்தலகொடையில் உருவாக்கப்பட்ட புதிய இனங்கள் பெரும்பாலும் பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாமையால் இரு போகங்களுக்கும் ஏற்றவையாயின.

மருத்துவத்தில்

பைற்றோகுரோமின் நிறந்தரும் பகுதி, மனிதரின் பித்தநீரிலுள்ள பிலிறுபின் என்னும் மஞ்சட்பொருளுக்கு அமைப்பில் உறவானது. பிறந்த குழந்தையின் இரத்தத்தில் பிலிறுபின் அளவுக்கு மிஞ்சினால் மூளை பழுதுறும். இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியிலுள்ள ரொச்போர்ட் வைத்தியசாலையில் 1956ஆம் ஆண்டளவில் தாதி ஜீன் வார்ட், குறைமாதக் குழந்தைகளை வெயிலில் வைத்து எடுப்பது வழக்கம். ஒரு குழந்தையின் உடலில் துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாக இருந்ததை அவர் கண்டார். டாக்டர் கிரீமரும் துணைவரும் இதனை ஆராய்ந்து 1958இல் ஒளிச்சிகிச்சையை வெளியிட்டனர். நீலவொளி பட்டதும் பிலிறுபினின் அமைப்பு மாறுகின்றது. மாறிய பொருள் எளிதிற் பித்தத்தோடும் சிறுநீரோடும் கழிகின்றது. எனினும் மஞ்சள் பூத்த குழந்தையை வீட்டு வெயிலில் வைத்துக் காலங்கடத்தலாகாது. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

பல்பகுதியங்களில்

சிறு மூலக்கூறுகள் சங்கிலிபோற் கோக்கப்பட்ட பொருள் பல்பகுதியம் எனப்படும். பல் வைத்தியர் குழிவிழுந்த பல்லில் இளகிய பசையை நிரப்பி நீலவொளியைக் காட்ட, அரை நிமிட அளவில் அது இறுகுகின்றது. பசையிலுள்ள ஒளியுணரும் பொருள் சங்கிலிகளைக் கோக்கத் தொடங்குவதே காரணம்.

பொலித்தீனில் நிகழ்வது இதற்கு மாறானது. வெயிலிலுள்ள ஊதாகடந்த கதிர்கள் சங்கிலிகளை அறுக்க, தாள் நொறுங்குகின்றது. நொறுங்கிய துண்டுகள் மண்ணோடு கலந்து நெடுங்காலம் அழியாது கிடக்கும். கரித்தூள் சேர்த்த கறுப்புத் தாளும், கதிர்தாங்கும் பொருள் சேர்த்த கூடாரத்தாளும் கூடிய காலம் உழைக்கும்.

கமக்காரர் கவனத்திற்கு

1. மரக்கறிப் பாத்தியை முதலிற் பண்படுத்தி நீர் பாய்ச்சிக் களையை முளைக்கவிடுக. பின்னர் மேலாகக் கொத்தி அழித்து நடுக. ஆழமாகக் கொத்தினாற் புதிய விதைகள் வெளிச்சத்துக்கு வரும்.

2. நட்டபின் வைக்கோலாலோ கறுப்புத் தாளாலோ மண்ணை மூடுக. ஒளி படாத களைவிதை எளிதில் எழாது.

3. சலாது விதையை ஆழமாகப் புதைத்தலாகாது. மேலாகத் தூவி மெல்லிய மண்ணால் மூடுதல் போதும்.

4. வேப்பங்கொட்டைக் கரைசலை மாலையில் விசிறுக. அதன் வீரியத்தை வெயில் கெடுக்கும்.

5. பாவித்த பொலித்தீனை நொறுங்குமுன் சுருட்டி எடுத்து நிழலில் வைக்குக. நொறுங்கியபின் அதனை மண்ணிலிருந்து பொறுக்குதல் எளிதன்று.