அப்பா கையெழுத்துப் போட்ட பயிற்சி

கலும்பாங்கில் எங்கள் வீட்டுக்கு அப்பா வருவதற்கு முன்பே அவர் சட்டையில் ஊறிய செம்பனை எண்ணெய் வாசம் வந்துவிடும். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வட சிலாங்கூரில் ஓர் எண்ணெய் ஆலையின் பாய்லர் பகுதியில் அவர் வேலை செய்கிறார். பழத்தைப் பிழிந்தபின் மிஞ்சும் நாரும் கொட்டை ஓடும்தான் அந்தப் பாய்லருக்கு எரிபொருள். காய்ந்த நாரின் தூசு மோட்டார், இரும்புச் சட்டம், விளக்கு என எல்லாவற்றின் மீதும் படியும். ஷிப்ட் முடிவதற்குள் காற்றுக் குழாயைப் பிடித்து அதை ஊதித் தள்ளிவிடுவது அப்பாவின் வழக்கம்.

அதில் ஆபத்து இருக்கிறது என்பது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு வரும்வரை எனக்கும் தெரியாது.

ஒருநாள் ஆய்வுக்கூடத்தில் எங்கள் விரிவுரையாளர் கொஞ்சம் சோளமாவைக் குவித்து வைத்துத் தீக்குச்சியைக் காட்டினார். மாவு கருகியது, அவ்வளவுதான். அடுத்து ஒரு டின்னுக்குள் மெழுகுவத்தியை ஏற்றி மூடினார். அதே மாவில் ஒரு கரண்டியைச் சிறு குழாய் வழியாக உள்ளே ஊதினார். ‘டப்’ என்ற சத்தத்தோடு மூடி பறந்தது! (தயவுசெய்து இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள்.)

தீ பிடிக்க எரிபொருள், காற்று, தீப்பொறி ஆகிய மூன்று வேண்டும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். தூசு வெடிக்க இன்னும் இரண்டு வேண்டும். அது காற்றில் மிதக்க வேண்டும். அந்த இடம் அடைபட்டிருக்க வேண்டும். மாவு, சர்க்கரை, மரத்தூள், காய்ந்த நார் எல்லாம் இதில் அடங்கும். 2008 பிப்ரவரி 7ஆம் தேதி அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இம்பீரியல் சுகர் ஆலை வெடித்து 14 பேர் இறந்தார்கள். வெடித்தது நாம் தேநீரில் போடும் சர்க்கரையின் தூசுதான். முதலில் வெடித்தது ஓரிடத்தில்தான். அந்த அதிர்வில் தரையிலும் உத்தரத்திலும் படிந்திருந்த தூசு கிளம்பி, அடுத்தடுத்து வெடித்தது. கூட்டிப் பெருக்குவதும் பாதுகாப்பு வேலைதான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

எரிவாயுவும் இப்படித்தான். எண்ணெய் ஆலைக் கழிவுநீர்க் குளங்களில் மீத்தேன் உண்டாகிறது. காற்றில் அது ஏறக்குறைய 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருந்தால் சிறு பொறி போதும். அதனால்தான் ஆபத்தான இடங்களை ‘ஸோன்’ என்று பிரிக்கிறார்கள். எரிவாயு எப்போதும் இருக்கும் இடம் ஸோன் 0. வேலையின்போது எப்போதாவது வரக்கூடிய இடம் 1. வழக்கமாக வராது, வந்தாலும் சிறிது நேரமே இருக்கும் இடம் 2. தூசுக்கு இதே வரிசையில் 20, 21, 22. ஒவ்வோர் இடத்திலும் அதற்கென்று சான்று பெற்ற விளக்கு, மோட்டார், சுவிட்ச் மட்டுமே இருக்க வேண்டும். சாதாரணக் கைப்பேசியைக்கூட உள்ளே கொண்டுபோகக் கூடாது.

விடுமுறையில் வந்தபோது அப்பாவிடம் கேட்டேன்: “இதையெல்லாம் ஆலையில் சொல்லித் தரலையாப்பா?”

“பயிற்சியெல்லாம் போட்டாங்கம்மா. திரையில முழுக்க இங்கிலீஸு. கையெழுத்து வாங்கினாங்க, சாப்பாடு கொடுத்தாங்க. கைப்பேசி கொண்டு போகாதேன்னாங்க, ஏன்னு சொல்லல.”

இந்த ‘ஏன்’தான் முக்கியம் என்று நினைக்கிறேன். காரணம் தெரியாத விதியை, மேற்பார்வையாளர் இல்லாத நேரத்தில் யாரும் கடைப்பிடிப்பதில்லை.

அலட்சியத்துக்கு நம் சிலாங்கூர் ஏற்கெனவே பெரிய விலை கொடுத்திருக்கிறது. 1991 மே 7ஆம் தேதி சுங்கை பூலோவில் ‘பிரைட் ஸ்பார்க்லர்ஸ்’ பட்டாசு ஆலை வெடித்து 26 பேர் மாண்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். சுற்றியிருந்த வீடுகளும் சிதைந்தன. மறு ஆண்டு தேசிய வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரக் கழகமான நியோஷ் தொடங்கப்பட்டது. 1994இல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. தொழிலாளிக்குத் தேவையான தகவலும் பயிற்சியும் மேற்பார்வையும் தருவது முதலாளியின் கடமை என்று அதன் 15ஆவது பிரிவு சொல்கிறது.

2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கும் திருத்தம் இன்னும் இரண்டைச் சேர்த்திருக்கிறது. ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். உடனடி ஆபத்து இருப்பதாக நம்பக் காரணம் இருந்து, முதலாளி அதைச் சரிசெய்யத் தவறினால், தொழிலாளி அங்கிருந்து விலகிக்கொள்ளலாம். ஆனால் ஆபத்து எது என்று தெரிந்தால்தானே விலக முடியும்? கையெழுத்துப் பட்டியல் நிறைந்துவிட்டால் பயிற்சி முடிந்துவிடாது. கேட்டவர் அதைத் தன் சொந்த மொழியில் திருப்பிச் சொல்ல வேண்டும்.

அன்றிரவு சமையலறை மேசையில் ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கம் ஐந்து கட்டங்கள் வரைந்து தமிழில் எழுதிக் காட்டினேன். அப்பா நெடுநேரம் பார்த்தார். “அப்போ இத்தனை வருசமா நான்தான் தூசியைக் கிளப்பி விட்டுக்கிட்டு இருந்தேனா?” என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

மறுவாரம் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். இப்போது அவர் ஷிப்டில் காற்றுக் குழாய் இல்லை; பாய்லரும் மோட்டாரும் நின்றிருக்கும் நேரத்தில், தூசு கிளம்பாமல் மெதுவாகக் கூட்டி அள்ளுகிறார்கள். மற்ற ஷிப்டில் இன்னும் ஊதுகிறார்கள். அவர்களுக்காக மலாயிலும் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார், எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தோட்டத்திலும் ஆலையிலும் வேலை செய்யும் பெற்றோர் நம்மில் பலருக்கு உண்டு. அவர்கள் கடைசியாகக் கையெழுத்துப் போட்ட பயிற்சியில் என்ன சொன்னார்கள் என்று இன்றிரவு கேட்டுப் பாருங்கள்.